இன்னிக்கு மாத்திரை வேண்டாம்



"இன்னிக்கு மாத்திரை வேண்டாம்மா, குடிச்சிருக்கேன்."

இந்தப் பேச்சு கேட்காத தெரு நம் ஊர்களில் அபூர்வம். சொல்கிறவர் அதைப் பொறுப்போடுதான் சொல்கிறார். மருந்தும் மதுவும் சேரக் கூடாது என்று யாரோ எப்போதோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அவரும் மறக்கவில்லை. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்பது புரிந்துவிட்டது. எதை விடுவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்துகொண்டார். மனைவியும், இந்த மட்டுக்காவது ஜாக்கிரதையாக இருக்கிறாரே என்று மாத்திரை டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்.

இந்த மாதம் மதுவும் மருந்தும் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, எதோடு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு பட்டியல் போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். பட்டியல் வேண்டும்தான். ஆனால் அது வீட்டுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பது அதைவிடப் பெரிய சங்கதி. "குடித்தால் மாத்திரை போடாதே" என்று நம் ஆட்கள் எச்சரிக்கையைத் திருப்பிப் படித்துக்கொள்கிறார்கள். சில மாத்திரைகளுக்கு அது சரி. பல மாத்திரைகளுக்கு அது தப்பு. உயிரைக் குடிக்கிற தப்பு. எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பதுதான் நம் வீடுகளின் நிஜமான ஆபத்து.

மாத்திரை வீட்டுக்குள் வந்த கதையில் நம் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. காசநோய் என்றால் சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு முக்கியக் காரணம். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரையை வீட்டுக்கு அனுப்பினால், அங்கே அதன் கதி என்ன என்றும் பார்க்க வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

இன்று சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம்; மூட்டுவலியோடு பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று களைத்த பெரியவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். 2003-இலிருந்து மதுவின் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில்தான் இருக்கிறது, பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. மாத்திரை வாசலில், பாட்டில் தெருமுனையில். பாட்டிலின் மேல் உடல்நலத்துக்குக் கேடு என்று எழுதியிருக்கிறது, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவரா நீங்கள் என்று அது கேட்பதில்லை. மாத்திரை அட்டையிலோ எச்சரிக்கை இருந்தாலும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. பாதி நேரம் கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுப்பதில் அதுவும் போய்விடுகிறது.

முதலில் அளவைப் பேசிவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் வெளிநாட்டு அறிவுரைகள் நம்மை ஏமாற்றுகின்றன. 'ஒன்றிரண்டு டிரிங்க் பரவாயில்லை' என்று படித்துவிட்டு, நம் ஆள் ஒரு குவார்ட்டரை ஒன்று என்று எண்ணிக்கொள்கிறார். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம்மில் சாராயத்தின் அளவு 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் 61 கிராம் வருகிறது. 10 கிராம் ஒரு டிரிங்க் என்று கொண்டால் குவார்ட்டர் என்பது ஆறு டிரிங்க். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம். அப்படிப் பார்த்தாலும் நாலைத் தாண்டுகிறது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார், அதுக்கு மேல தொடமாட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவரை மருத்துவ நூல்கள் அதிகம் குடிப்பவர் பட்டியலில்தான் வைக்கின்றன.

அடுத்தது இடைவெளி. "சாயங்காலம் குடிச்சேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தானே மாத்திரை" என்பார்கள். கல்லீரல் ஒரே கவுண்ட்டர் உள்ள ரேஷன் கடை மாதிரி. கூட்டம் எவ்வளவு நின்றாலும் அதன் வேகம் மாறாது. மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அது கழிக்கும். அப்படியென்றால் ஒரு குவார்ட்டர் முழுதாக வெளியேற ஆறு முதல் எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. எட்டு மணிக்குக் குடித்தவருக்குப் பத்து மணி மாத்திரை ஆல்கஹாலின் நடுவில்தான் போய் விழுகிறது. வயதானவர்களுக்கு உடம்பில் நீரின் அளவு குறைவு என்பதால் அதே அளவு மது ரத்தத்தில் இன்னும் அடர்த்தியாக நிற்கும். மாத்திரை டப்பா கனமாக இருப்பதும் அவர்களிடம்தான்.

இதில் நம் மாநிலத்துக்கென்றே முதலில் சொல்ல வேண்டியது சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதெல்லாம் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ஈடுகட்டும். ஆல்கஹால் உள்ளே இருக்கும்போது கல்லீரல் அதைக் கழிக்கும் வேலையில் இறங்கிவிடுவதால் இந்தத் தயாரிப்பு தடைப்படுகிறது. இன்சுலின் போடுபவருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் மருந்து ஒரு பக்கம் சர்க்கரையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் ஈடுகட்ட ஆள் இருக்காது. வெறும் வயிற்றில், இரண்டு துண்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பது நம் ஊர்ப் பழக்கம். அப்படிப் படுத்தவருக்கு நடுராத்திரியிலோ மறுநாள் காலையிலோ சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகலாம்.

சர்க்கரை மிகவும் இறங்கியவர் எப்படி இருப்பார்? வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும், சம்பந்தமில்லாமல் கோபப்படுவார், கடைசியில் மயங்கி விழுவார். குடித்தவர் எப்படி இருப்பார்? அதே மாதிரி. பக்கத்தில் போனால் சாராய வாடை வேறு அடிக்கும். "போதையில கிடக்குறாரு, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று போர்வையைப் போர்த்திவிட்டு விளக்கை அணைத்துவிடுவோம். தெருவில் என்றால் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போவோம். பஸ் ஸ்டாண்டு நடைமேடையில் கிடப்பவர்களில் யாருக்கு இறங்கியது மரியாதை, யாருக்கு இறங்கியது சர்க்கரை என்று நாம் குனிந்து பார்ப்பதில்லை.

வீட்டில் இப்படிப்பட்டவர் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் குடித்திருந்து, எழுப்பினால் குழறலாகவாவது பேசி, விழுங்க முடிகிறது என்றால், தூங்கவிடாமல் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுத்து, பிறகு சாப்பாடும் கொடுக்க வேண்டும். குளுக்கோமீட்டர் இருந்தால் பார்த்துவிடுங்கள். 70-க்குக் கீழே என்றால் குறைவு. எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் 'குடித்திருக்கிறார்' என்பதோடு நிறுத்தாமல் 'சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியம் சிகிச்சையையே மாற்றும். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இப்படிச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அரிய, ஆனால் கொடிய நிலை ஒன்று வரலாம்.

இனி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பது.

காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்துக்கு நான்கு மருந்துகள். அவற்றில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைச் சோதிப்பவை. மதுவும் அதையே செய்யும். மஞ்சள் காமாலை வர வாய்ப்பு கூடுகிறது. இதைச் சுகாதார ஊழியர் எடுத்துச் சொன்னதும் நோயாளி கணக்குப் போடுகிறார்: சனி, ஞாயிறு குடி, மற்ற நாளில் மாத்திரை. விட்டு விட்டுச் சாப்பிட்ட மருந்தில் சாகாமல் தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகிறது. பிறகு சிகிச்சை நீளும், மாத்திரைகள் கடுமையாகும், வீட்டில் குழந்தைகளுக்கு ஒட்டுவதும் அந்த அடங்காத கிருமிதான்.

எச்.ஐ.வி. மருந்திலும் இதே கதை. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் அதைத் தந்த முதல் மையங்களில் ஒன்று. அந்த மருந்து நாள் தவறாமல் போக வேண்டும். மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் விஷம் என்று நம்புகிறவர்கள், குடிக்கும் நாளில் தெரிந்தே மாத்திரையைத் தள்ளிவைக்கிறார்கள் என்பதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போதையில் மறந்துபோவது வேறு, இது வேறு. பயந்து, யோசித்து, வேண்டுமென்றே விடுவது. பயமுறுத்தலால் விளைந்த தீமை என்று நான் இதைச் சொல்வேன். நாம் எல்லோரும், பத்திரிகைகள் உட்பட, மிரட்டுவதில் காட்டுகிற உற்சாகத்தை விளக்குவதில் காட்டுவதில்லை.

வலிப்பு நோய் இன்னும் மோசம். குடி இறங்கும் நேரத்தில் மூளை படபடப்பாக இருக்கும். வலிப்பு வர ஏற்ற நேரம் அது. அன்று பார்த்து வலிப்பு மாத்திரையையும் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும் மருந்துகள் சில உண்டு. குடித்திருக்கும்போது பிரஷர் மாத்திரை போட்டால் எழுந்து நிற்கையில் அழுத்தம் சரிந்து தலைசுற்றும் என்பதும் உண்மை. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பெரியவர்களின் கதையில் இதற்கும் பங்கு இருக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோடு மது சேர்ந்தாலும் இதேபோல் அழுத்தம் விழும். ஆக, போட்டாலும் சிக்கல், நிறுத்தினாலும் சிக்கல். இந்த முடிச்சை வீட்டுக் கூடத்தில் அவிழ்க்க முடியாது. குடிக்கும் பழக்கம் உண்டு என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் மருந்தையோ, வேளையையோ மாற்றித் தருவார். காசநோய், எச்.ஐ.வி., வலிப்பு மூன்றுக்கும் பொது விதி ஒன்று உண்டு: குடித்துவிட்டீர்கள் என்பதற்காக மாத்திரையைத் தவறவிடாதீர்கள், அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது குடித்ததை மறைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது இன்னொரு வகை. குடித்த அன்று தொடவே கூடாத மாத்திரைகள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம், கடும் வலிக்குத் தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து. மது மூளையை மந்தமாக்கும். இவையும் அதையே செய்யும். இரண்டும் சேரும்போது மூச்சை நடத்தும் மையம் தூங்கிப்போகிறது. குறட்டை பெரிதாகி, இடைவெளி நீண்டு, நின்றுவிடும்.

1975 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் க்வின்லன் என்ற 21 வயதுப் பெண், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, ஒரு விருந்தில் மது அருந்தினார். உடம்பில் டயசிபாமும் இருந்தது. தலை சுற்றுகிறது என்று படுக்கப் போனவர் மூச்சு நின்ற நிலையில் காணப்பட்டார். உயிர் திரும்பியது, நினைவு திரும்பவில்லை. செயற்கைச் சுவாசத்தை எடுக்க அனுமதி கேட்டு அவருடைய பெற்றோர் நடத்திய வழக்கில் 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, உலகம் முழுக்கக் கருணை மரண விவாதங்களில் இன்றும் பேசப்படுகிறது. கருவியை எடுத்த பிறகும் அவர் தானாகவே மூச்சுவிட்டு, நினைவு திரும்பாமலே 1985 வரை இருந்தார். தீர்ப்பைப் பற்றிச் சட்டக் கல்லூரிகளில் பாடம் நடக்கிறது. அந்த இரவில் என்ன கலந்தது என்பதைப் பற்றி நாமும் பேச வேண்டும்.

நம் நாட்டில் இந்த மருந்துகளில் பெரும்பாலானவை 2013-இல் வந்த எச் 1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை மகன் எடுத்துப் போட்டுக்கொள்வதை எந்தப் பட்டியலும் தடுக்காது. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையையும் இந்தக் குடும்பத்தின் சின்ன உறுப்பினராக நினைத்துக்கொள்ளுங்கள். நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றம். ஒரு பீர் குடித்துவிட்டு அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருப்பவர், கூடவே ஒரு சளி மாத்திரையும் போட்டிருந்தால், போலீஸ் கருவியில் தேறிவிடுவார், அடுத்த வளைவில் கண் சொக்கிவிடும்.

உடம்பு வலி என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் நம் உழைக்கும் மக்களை இரண்டு கடைக்கும் அனுப்புகிறது. நாள் முழுக்க மூட்டை தூக்கியவர், கட்டடத்தில் கலவை சுமந்தவர், சாயங்காலம் மருந்துக் கடையில் 'உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்கிறார். தாளில் மடித்து, பெயர் தெரியாத நாலு மாத்திரை வரும். அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு பாராசிட்டமால் இருக்கும். பிறகு குவார்ட்டர். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை இரைப்பையின் உள் தோலை அரிக்கும். மதுவும் அரிக்கும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அதை மூலம் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

பாராசிட்டமாலைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்கே கொடுக்கிறோம், இதில் என்ன என்று தோன்றும். அளவோடு எடுத்தால் பயமில்லைதான். அதன் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாறும்; குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை அணைக்கும். தினமும் குடிப்பவரிடம் நச்சாக மாற்றும் நொதி கூடுதலாக இருக்கும், அணைக்கும் பொருள் குறைவாக இருக்கும். நல்ல உடம்புக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரை உச்ச வரம்பு என்றால், இவர்களுக்கு மருத்துவர்கள் 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் மூன்று. அமெரிக்காவில் மூத்த புஷ் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் பணியாற்றிய ஒருவர், இரவுச் சாப்பாட்டோடு சில கோப்பை வைன் குடிக்கும் வழக்கமுள்ளவர், 1993-இல் ஃப்ளூ காய்ச்சலுக்குச் சில நாள் பாராசிட்டமால் எடுத்துக் கல்லீரல் செயலிழந்து கோமாவுக்குப் போனார். மாற்றுக் கல்லீரல் பொருத்தித்தான் பிழைத்தார். பெட்டியில் எச்சரிக்கை இல்லை என்று அவர் போட்ட வழக்கில் 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தீர்ப்பானது. 1998-இல், தினமும் மூன்று டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று வலி மாத்திரைப் பெட்டிகளில் அச்சிட அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. நம் குவார்ட்டர் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இப்போது சொல்லப் போவது பெண் வாசகர்களுக்காக. 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம், நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை' என்று விளம்பரங்கள் வருகின்றனவே, அவற்றைப் பற்றி.

டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து. ரப்பர் தொழிலில் பயன்படும் வேதிப்பொருள்களின் உறவுக்காரன் அது. 1937-லேயே அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர், அந்த ரசாயனத்தில் வேலை செய்த தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்வதே இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். பிறகு கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், குடல் புழுவுக்கு மருந்தாகுமா என்று டைசல்ஃபிரத்தைச் சோதித்தார்கள். மனிதருக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்கத் தாங்களே விழுங்கினார்கள். அந்த நாள்களில் மது அருந்தியபோதெல்லாம் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்தது. 1948-இல் லான்செட் இதழில், குடிநோய்க்கான மருந்தாக அது அறிமுகமானது. மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அப்புறம்தான் சாதுவாகும். அந்த இரண்டாவது படியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. நச்சு தேங்குகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. இதய நோய் உள்ளவருக்கு மரணம் வரை போகலாம்.

தெரிந்து, சம்மதித்து, பரிசோதனை செய்துகொண்டு, மேற்பார்வையில் எடுப்பவருக்கு இது நல்ல ஊன்றுகோல். குடித்தால் என்ன ஆகும் என்ற அறிவுதான் அவரைத் தடுத்து நிறுத்துகிறது. தெரியாமல் குழம்பில் கலந்து போட்டவருக்கு அந்த அறிவு எங்கே இருக்கும்? அவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை முழுதாகக் குடிப்பார். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேலை ஓயாது. கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆகாமல் முதல் வேளையைத் தொடங்கவே கூடாது. தபாலில் வரும் பொடியில் இந்த மருந்துதான் இருக்கிறதா, வேறு எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அடுப்படியில் கரண்டியோடு நிற்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் டாக்டருக்கும் காரணம் பிடிபடாது, ஏனென்றால் கலந்தவர் அதைச் சொல்லப் பயப்படுவார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடி வாங்கி, நகையை அடகு வைத்து, கடைசி நம்பிக்கையாக அந்தப் பொட்டலத்தை வாங்குகிறார். கோபமெல்லாம் அந்த நம்பிக்கைக்கு விலை வைத்து விற்கிறவர்கள் மேலும், அந்த விளம்பரத்துக்கு இடம் கொடுக்கிறவர்கள் மேலும்தான்.

ஏற்கெனவே பொடி கலந்து கொடுத்திருந்து, இன்று அவருக்கு முகம் சிவந்து வாந்தியும் படபடப்பும் வந்தால், தயங்காமல் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள். பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

முறையாக டைசல்ஃபிரம் எடுப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் 5 முதல் 10 விழுக்காடு அளவில் ஆல்கஹால் தானாக உருவாகியிருக்கும். ஹோமியோபதி தாய்த் திரவங்களிலும், சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. அவையும் இந்த வினையைக் கிளப்பலாம். பேதிக்கும் பல் சீழுக்கும் எழுதித் தரும் மெட்ரோனிடசோலுக்கும் இதே குணம் இருப்பதாகச் சொல்லி, சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று நாள் வரை மது கூடாது என்கிறார்கள். இது உண்மையில் எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்று அண்மைக் காலத்தில் சில ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். இருந்தாலும் மருந்துச் சீட்டில் எச்சரிக்கை நிற்கும் வரை அதன்படி நடப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுகிறேன் என்று கிளம்பினால், ஒரு நிமிடம் பொறுங்கள். பல வருடப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அப்போது தரும் மாத்திரைகள் டயசிபாம் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அதைச் சாப்பிட்டுக்கொண்டே திருட்டுத்தனமாக ஒரு கட்டிங் போடுவது மேலே சொன்ன மூச்சு நிற்கும் கணக்கில் சேர்ந்துவிடும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை இந்தத் துறையில் மூத்தது. தொலைபேசியில் பேச 14416, போதை மீட்புக்கென்றே 14446, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

இவ்வளவும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: "குடிப்பீங்களா?" ஓ.பி.யில் டாக்டர் இதைக் கேட்கும்போது பக்கத்தில் மருமகள் நிற்பார், பின்னால் பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள். "எப்பவாச்சும் டாக்டர்" என்று பதில் வரும். டாக்டரும் எழுதிக்கொள்வார். பெண்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை, எந்தப் பெண்ணும் குடிப்பதில்லை என்பது போல. டாக்டர்களுக்கு என் வேண்டுகோள்: கூட வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு, எவ்வளவு, எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று கேளுங்கள். திட்டுவதை அதற்கு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையே திட்டினால் அடுத்த தடவை உண்மை வராது. நோயாளிகளுக்கு: வாய் வரவில்லை என்றால் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வையுங்கள். 'தினமும் ஒரு குவார்ட்டர். நேற்று ராத்திரியும்.' போதும். மருந்துக் கடையில் அட்டையை வெட்டாமல் கேளுங்கள், பெயர் தெரியும்படி. மருந்தாளுநரிடம், 'இதைக் குடித்த அன்று போடலாமா, விடலாமா' என்று ஒவ்வொரு மாத்திரையையும் காட்டிக் கேட்பது உங்கள் உரிமை.

அடுத்த இதழிலிருந்து மூன்று மாதத்துக்கு, ஒரு மருந்தாளுநரும் ஒரு பொது மருத்துவரும் இந்தப் பக்கத்துக்கு எதிரேயே உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள். அட்டையில் உள்ள மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காகத் தந்தது, குடிக்கும் அளவு, நேரம், இவற்றை எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், கணவருக்கா மகனுக்கா உங்களுக்கா என்பதும் வேண்டாம். வயது மட்டும் அவசியம் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்